சிவப்பாகத் தெரியும் டிராம்பே

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மதிலோரம் நின்று கைப்பேசியைத் தூக்கினால், படம் விழுவதற்குள் காவலர் வந்துவிடுவார். மும்பையின் டிராம்பே, மான்கூர்ட், அணுசக்தி நகர்ப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வளாகத்தின் மேலே விமானம் பறக்கத் தடை. ட்ரோன் விடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் இதே வளாகத்தை 1966-லேயே அமெரிக்காவின் கே.எச்-7 என்ற உளவுச் செயற்கைக்கோள் சாவகாசமாகப் படம்பிடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு ஜனவரி 24 அன்றுதான் ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்திருந்தார். மையத்துக்கு அவர் பெயரை வைத்தது 1967-இல். படம் எடுக்கப்பட்டபோது அது வெறும் டிராம்பே அணுசக்தி நிறுவனம்.

அந்தக் காலத்துக் கோள்களில் டிஜிட்டல் கேமரா கிடையாது, நிஜமான பிலிம் சுருள்தான். எடுத்து முடித்ததும் சுருளை ஒரு கலத்துக்குள் அடைத்துக் கீழே தள்ளிவிடும். பாராசூட் விரித்து இறங்கும் கலத்தைப் பசிபிக் கடலுக்கு மேலே ஒரு விமானம் கொக்கி போட்டு அந்தரத்திலேயே பிடிக்கும். பிறகு பிலிமைக் கழுவி, ஒளிமேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். வட்டமாக இருப்பது சைரஸ் அணு உலையின் குவிமாடம். நேர்க்கோடாக ஓடுவது சாலை. நிழலை அளந்தால் புகைபோக்கியின் உயரம் வந்துவிடும். சூரியன் 45 பாகை உயரத்தில் நின்றால் நிழலின் நீளமும் பொருளின் உயரமும் சமம். இப்படி வடிவம், அளவு, நிழல், சாயல் ஆகியவற்றை வைத்துப் படத்தைப் படிக்கும் கலைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். கே.எச்-7 படங்கள் 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

தலைக்கு மேல் கண் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளவும் கற்றார்கள். 1995 இறுதியில் பொக்ரானில் நடந்த அணுச்சோதனை ஏற்பாடுகளை அமெரிக்கக் கோள்கள் கண்டுபிடித்துவிட, சோதனை நின்றுபோனது. 1998 மே மாதச் சோதனைக்காக டிராம்பேயிலிருந்து அங்கே போன விஞ்ஞானிகளும் ராணுவப் பொறியாளர்களும் பெரும்பாலும் இரவில் வேலை செய்தார்கள். விடிவதற்குள் இயந்திரங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் மேஜர் ஜெனரல் நடராஜாகவும், ராமேசுவரத்து அப்துல் கலாம் மேஜர் ஜெனரல் பிருத்விராஜாகவும் ராணுவ உடையில் போய்வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். கோள் வரும் நேரம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை சுற்றுப்பாதையைக் கண்டுகொண்டால் அடுத்த வருகையை நிமிஷக் கணக்கில் சொல்லிவிடலாம். அதை மாற்றுவதற்குக் கோள் தன் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும்.

இந்த ஒழுங்குதான் அமைதிக்காலப் பயனுக்கும் ஆதாரம். நிலவளம் பார்க்கும் கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. எந்த ஊருக்கு மேல் வந்தாலும் அந்த ஊர் நேரப்படி காலை பத்து, பத்தரை மணிக்கு வரும்படி அவற்றின் பாதை அமைந்திருக்கும். வெயிலின் கோணம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் இந்த வருஷப் படத்தைப் போன வருஷப் படத்தோடு வைத்து நியாயமாக ஒப்பிட முடியும்.

மேலிருந்து படம் எடுக்கும் ஆசை பழையது. 1858-இல் நாதார் என்ற பாரிஸ் புகைப்படக்காரர் பலூனில் ஏறி எடுத்தார். முதல் உலகப்போரில் அது ராணுவத்தின் அன்றாட வேலையாயிற்று. 1924-இல் பர்மாவின் ஐராவதி டெல்டாக் காடுகளை விமானத்திலிருந்து படம்பிடித்து அளந்தார்கள். இந்த விமானப்படக் கணக்கு எளிமையானது. லென்ஸின் குவியத்தூரத்தைப் பறக்கும் உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவை கிடைத்துவிடும். நிலஅளவைக் கேமராக்களின் வழக்கமான குவியத்தூரம் ஏறத்தாழ 152 மில்லிமீட்டர். விமானம் 1,520 மீட்டர் உயரத்தில் பறந்தால் அளவை 1:10,000, அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். அடுத்தடுத்த படங்களை 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுப்பார்கள். ஒரே மேட்டை இரண்டு கோணங்களிலிருந்து பார்ப்பதால் அதன் உயரத்தைக் கணக்கிட முடிகிறது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கார்ட்டோசாட்-1 இதே வேலையைத்தான் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு கேமராக்களை வைத்துச் செய்தது.

இந்தியாவில் தொலையுணர்வு எனப்படும் இந்தக் கலையின் கதை தொடங்கியது ஒரு தென்னந்தோப்பில். அந்தக் கதைக்கும் டிராம்பே வீட்டுக்கும் உறவு உண்டு. 1969-இல் பிறந்த இஸ்ரோ, 1972-இல் விண்வெளித் துறை தனியாகும் வரை அணுசக்தித் துறையின் கீழ்தான் இருந்தது. அணுசக்தி ஆணையத்தின் தலைவராக பாபாவுக்குப் பின் வந்த விக்ரம் சாராபாய், வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடியை அழைத்து, விண்ணிலிருந்து மண்ணைப் பார்க்கும் வேலையை ஒப்படைத்தார். கோளும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ஹெலிகாப்டர் ஒன்றும், அகச்சிவப்பு பிலிம் போட்ட கேமராவும்தான் இருந்தன. 1970-இல் பிஷாரடியின் குழு கேரளத்தின் காயங்குளம் பகுதித் தென்னந்தோப்புகளுக்கு மேல் பறந்தது.

அங்கே தென்னைகளை வேர் வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. ஓலை தளர்ந்து மஞ்சளாகும்போதுதான் விவசாயிக்குத் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். அகச்சிவப்பு பிலிமில் நோய்ப்பட்ட மரங்கள் வேறு நிறமாகத் தெரிந்தன. தரையிலிருந்து பார்த்தால் நலமாகவே தோன்றிய சில மரங்களையும் படம் காட்டிக்கொடுத்தது.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பச்சையம், வெயிலில் உள்ள நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு அதோடு கதை முடிந்தது. ஆனால் சிவப்பைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில், அண்மை அகச்சிவப்பில், இலை செய்யும் வேலை வேறு. இலையின் உள்ளே செல்களும் காற்றிடைவெளிகளும் கலந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அகச்சிவப்பு அதற்குள் புகுந்து பலமுறை சிதறி, பாதியளவு வெளியே வந்துவிடுகிறது. நம் கண் அகச்சிவப்பைப் பார்க்க வல்லதாக இருந்தால் ஒவ்வொரு வேப்பமரமும் கண்ணைக் கூசவைக்கும். செல்கள் தளர்ந்தால் இந்தச் சிதறல் குறைகிறது. இலை மஞ்சளாகும் முன்பே அது நடக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் படத்தில் காட்டியாக வேண்டும். அதனால் அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறத்தையும், நிஜச் சிவப்புக்குப் பச்சையையும், நிஜப் பச்சைக்கு நீலத்தையும் கொடுத்தார்கள். போலி நிறப்படம் என்பது இதற்குப் பெயர். இரண்டாம் உலகப்போரில் மரக்கிளைகளை வெட்டிப்போட்டு மறைத்த பீரங்கிகளைக் கண்டுபிடிப்பதற்காக வந்த பிலிம் இது. உயிருள்ள காடு சிவப்பாகத் தெரியும், வெட்டிய கிளையும் பச்சைச் சாயம் பூசிய துணியும் அப்படித் தெரியாது. பீரங்கி தேட வந்தது, காயங்குளத்தில் தென்னைக்கு வைத்தியம் பார்க்கப் பயன்பட்டது.

இன்று அதே கொள்கையை ஒரு சின்னக் கணக்காகச் செய்கிறார்கள். ஓர் இலை அகச்சிவப்பில் 45 சதவீதத்தையும் சிவப்பில் 5 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசம் 40, கூட்டுத்தொகை 50; வகுத்தால் 0.8. நல்ல செழுமை. வெற்றுச் சேறு 15 சதவீதம், 12 சதவீதம் என்று அனுப்பினால் 3-ஐ 27-ஆல் வகுக்க 0.1 சொச்சம். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பயிர் மதிப்பீடு, வறட்சி அறிக்கை, காட்டுப்பரப்புக் கணக்கு என்று சர்க்கார் வெளியிடும் பலவற்றின் அடியில் இந்தக் கூட்டல் கழித்தல்தான் கிடக்கிறது.

டிராம்பேயைப் போலி நிறத்தில் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படத்தில் டிராம்பே மலை சிவப்பாக இருக்கும். மே மாதப் படத்தில் மலையின் சிவப்பு வெளுத்துவிடும், ஏனென்றால் அங்கே இலையுதிர் மரங்கள் அதிகம். ஆனால் கரையோரமாக, தானே என்ற பெயருள்ள கடற்கழியை ஒட்டி ஓடும் பட்டை இரண்டு படத்திலும் அதே அடர்சிவப்பு. அதுதான் அலையாத்திக் காடு; கோலி மீனவர்கள் திவர் என்பார்கள், நம் ஊரில் வெண்கண்டல். கழியின் சேற்றுநீர் வெளிர்நீலம், வற்றத்தில் வெளிப்படும் சேற்றுத்திட்டு நீலம் கலந்த சாம்பல், கூரைகள் நரைத்த நிறம். ஒரே ஒரு படத்தில் ஒரு நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பருவத்துப் படங்களை அருகருகே வைத்தால், மலைக்காடு எது, கடல்காடு எது என்று தானாகப் பிரிந்துவிடும்.

இந்தப் பிரிவினை நீதிமன்றம் வரை போனது. பாம்பே என்விரான்மென்டல் ஆக்‌ஷன் குரூப் தொடுத்த வழக்கில் 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்தியை வெட்டவும் அதன்மேல் குப்பை கொட்டவும் தடை விதித்தது. எங்கெங்கே அலையாத்தி இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடமாக்கும் பொறுப்பு நாக்பூரில் உள்ள மகாராஷ்டிரத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையத்துக்கு வந்தது. 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பும் அதே வழியில் வந்தது. அதற்கு முன்பெல்லாம், “இங்கே காடே இருந்ததில்லை” என்று பில்டர் சொன்னால் எதிர்த்துச் சொல்ல மீனவரின் ஞாபகம் மட்டுமே சாட்சி. இப்போது தேதி போட்ட படம் இருக்கிறது.

ஆனாலும் படத்தை அப்படியே நம்புகிறவர் ஏமாறுவார். நாடு தழுவிய வனக் கணக்குக்குப் பயன்படும் படத்தில் ஒரு கட்டம், அதாவது படத்தின் மிகச்சிறிய புள்ளி, தரையில் 23.5 மீட்டர் அகலம். கரையோரக் கட்டத்தில் பாதி அலையாத்தி, பாதி லாரி கொட்டிய கட்டட இடிபாடு இருந்தால், கணினிக்கு அது இரண்டும் கெட்டான் நிறம். காட்டை விளிம்பிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறார்கள். படமும் விளிம்பில்தான் தடுமாறுகிறது. கடல் ஏற்றத்தில் எடுத்த படத்தில் குட்டைச் செடிகள் நீருக்குள் மறைந்து, காடு சுருங்கிவிட்டதாகக் காட்டும். வற்றத்தில் எடுத்தால் அதே காடு வளர்ந்திருக்கும்.

சிவப்பு கூடினால் சந்தோஷப்படலாமா என்பதும் அவ்வளவு எளிதான கேள்வியில்லை. தானே கழியில் வண்டலும் நகரத்துச் சாக்கடையும் படிந்து சேற்றுத்திட்டுகள் மேடாகி, அவற்றின்மேல் புது அலையாத்தி முளைக்கிறது. காட்டுப்பரப்புக் கணக்கில் இது வரவு. ஆனால் குளிர்காலத்தில் இங்கே வந்து இறங்கும் பூநாரைகளுக்கு வேண்டியது திறந்த சேறு. அதில்தான் அவற்றின் நுண்பாசி உணவு இருக்கிறது. 2015-இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடத்தில், காடு வளர்வது பறவைக்கு நஷ்டமாகவும் முடியலாம். இதை எந்தக் கட்டத்தின் எண்ணும் சொல்லாது. முழங்கால் சேற்றில் இறங்கி நிற்கிற பறவை ஆய்வாளரும், தினம் படகு தள்ளுகிற டிராம்பே கோலிவாடாக்காரரும்தான் சொல்ல வேண்டும்.

கழியை விட்டுக் கொஞ்சம் மேற்கே வந்தால் தேவ்னார் டம்பிங் கிரவுண்ட். 1927 முதல் மும்பையின் குப்பை விழும் இடம். 2016 ஜனவரி இறுதியில் அது பற்றி எரிந்தபோது கிளம்பிய புகையை லேண்ட்சாட்-8 கோள் படம்பிடித்தது. செம்பூரிலும் கோவண்டியிலும் மூச்சுத்திணறியவர்களுக்குப் புகையைக் காட்ட விண்வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லைதான். ஆனால் புகை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அந்தப் படம் மறுக்கமுடியாத ஆவணம். அந்தக் குப்பைமலையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் திட்டத்துக்கு மாநகராட்சி போட்ட கணக்கு சுமார் 185 லட்சம் டன். இப்படிப்பட்ட மேட்டை எடை மேடையில் ஏற்ற முடியாது. மேலே சொன்ன இரட்டைக்கோணப் படத்தாலோ லேசராலோ உயரத்தை அளந்து, கன அளவைக் கண்டு, அதிலிருந்துதான் எடைக்கு வர முடியும்.

குப்பையிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புகை மீத்தேன். அது அகச்சிவப்பில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை, சுமார் 2.3 மைக்ரோமீட்டரை, விழுங்கும். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் அந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், நடுவில் இருக்கும் மீத்தேன் எவ்வளவு என்பது தெரியும். 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி கோளின் கருவி இதை நாள்தோறும் பார்க்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம், ஊரைத்தான் சொல்லும், தெருவைச் சொல்லாது. ஆகவே அது காட்டிய ஊர்களின்மேல் நுட்பமான வேறு கோளைத் திருப்பினார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில் புவனோஸ் ஐரிஸ், டெல்லி, லாகூர், மும்பை ஆகிய நான்கு நகரங்கள் இடம்பெற்றன. உலகப் பட்டியல்களில் இருந்ததைவிட இந்த நகரங்கள் 1.4 முதல் 2.6 மடங்கு வரை அதிக மீத்தேன் விடுவதாகத் தெரியவந்தது. மும்பையில் கோள் சுட்டியது, எல்லோரும் திட்டும் தேவ்னாரைத் தாண்டி, அதே கழிக்கரையில் வடக்கே இருக்கும் காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்கை. மணிக்கு ஏறத்தாழ 10 டன்.

டிராம்பே தானே செய்துவைத்திருக்கும் தொலையுணர்வு ஒன்றும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. பாபா மையத்தின் வான்வழி காமா நிறமாலைக் கருவி. ஹெலிகாப்டரில் பெரிய சோடியம் அயோடைடு படிகங்களை வைத்துச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் பறப்பார்கள். தரையிலிருந்து வரும் காமாக் கதிர் படிகத்தில் பட்டால் ஒரு சின்ன ஒளிப்பொறி. பொறியின் பிரகாசம், கதிரின் ஆற்றலைச் சொல்லும். ஆற்றல், எந்தத் தனிமம் என்று சொல்லும். 1.46 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்றால் பொட்டாசியம், 1.76 என்றால் யுரேனியக் குடும்பம், 2.61 என்றால் தோரியக் குடும்பம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு மேலே இதைப் பறக்கவிட்டால், மோனசைட்டில் இருக்கும் தோரியம் 2.61-இல் எழுந்து நிற்கும். செயற்கைக்கோள்களைப் போல இதை உயரத்தில் வைக்க முடியாது. சில நூறு மீட்டர் காற்றிலேயே காமா மங்கிவிடும். மண்ணிலும் மேலாக ஓரடி ஆழம்தான் தெரியும். யுரேனியம் தேடுவதற்கென்று தொடங்கிய இந்த முறைக்கு இன்னொரு பயன் விபத்துக்காலத்தில். 2011 ஃபுகுஷிமாவில் கதிரியக்கம் வட்டமாகப் பரவவில்லை, வடமேற்கே நீண்ட நாக்காகப் போயிருக்கிறது என்பதை வான்வழி அளவீடுதான் தெளிவாகக் காட்டியது. அணு உலையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று காம்பஸால் வட்டம் போட்டு ஆட்களை அப்புறப்படுத்துவது எவ்வளவு பிசகு என்பதற்கு அந்த வரைபடமே பாடம். அணு உலைக்குப் பக்கத்தில் இத்தனை லட்சம் பேர் வசிக்கும் ஊர் இப்படியொரு கருவியைத் தயாராக வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மும்பையின் மழைக்காலத்தில் இதுவரை சொன்ன கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம்தான் படமாகும். அப்போது கைகொடுப்பது ரேடார். தானே நுண்ணலையை அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படமாக்குவதால் மேகமும் இருட்டும் அதற்குப் பொருட்டில்லை. 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா-3 என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு, நூற்றுக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கலந்ததே, அதுபோன்ற நேரத்துக்கு ரேடார் அருமையான கருவி. எண்ணெய்ப்படலம் கடலின் சிற்றலைகளை அடக்கிவிடும். அலை இல்லாத நீரிலிருந்து எதிரொலி திரும்பாது. படத்தில் அந்த இடம் கறுப்பு. காற்றில்லாத நாளில் சும்மா கிடக்கும் கடலும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது இதன் பலவீனம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். அதன் நீண்ட அலை, சுமார் 24 சென்டிமீட்டர், இலைக்கூரையை ஊடுருவி அடிமரத்தையும் அதனடியில் தேங்கிய நீரையும் தொட்டுத் திரும்பும். அலையாத்திக் காட்டின் உள்ளே ஏறிய வெள்ளத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

மனிதர்களிடம் வருவோம். பாபா மைய ஊழியர் குடியிருப்புக்கு நிலம் வேண்டும் என்பதற்காக, 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், மான்கூர்டின் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் கழியோரச் சதுப்பில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அந்த இடம்தான் சீட்டா கேம்ப். இன்றும் அங்கே தமிழ்க்குரல் கேட்காத சந்து குறைவு. முதல் லேண்ட்சாட் 1972-லேயே மேலே போய்விட்டது, ஆகவே அந்தக் காலமெல்லாம் படப்பதிவுக்குள் வரும் காலம்தான். ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 80 மீட்டர். ஒரு கட்டத்துக்குள் இருநூறு முந்நூறு குடிசை அடங்கிவிடும். நிலத்தின் சாயல் மாறியதை வேண்டுமானால் காட்டும். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை அது பார்க்கவில்லை. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ-வில் கட்டம் 72.5 மீட்டரும் 36 மீட்டரும், 1995-இன் ஐ.ஆர்.எஸ்-1சி-யில் 5.8 மீட்டர், அன்றைக்குப் பொதுப் பயனுக்கான கோள்களில் உலகிலேயே நுட்பமானது. 2019-இன் கார்ட்டோசாட்-3-இல் 25 சென்டிமீட்டர். இன்று சீட்டா கேம்ப் கூரைமேல் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியைக்கூட எண்ணலாம்.

எண்ணிவிட்டால் எல்லாம் தெரிந்ததாகிவிடுமா? 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக ட்ரோனும் லைடார் என்ற லேசர் கருவியும் கொண்டு அளவெடுக்கத் தொடங்கினார்கள். லேசர்த் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை அளப்பதுதான் லைடார். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய் வர வேண்டியிருப்பதால், ஒரு நானோ நொடி வித்தியாசம் 15 சென்டிமீட்டர் தூரம். விநாடிக்கு லட்சக்கணக்கில் துடிப்புகள் அனுப்பினால் சுவரும் கூரையும் புள்ளிமேகமாகக் கணினியில் எழுந்து நிற்கும். அளவை என்ற முறையில் அற்புதமான வேலை. ஆனால் தாராவியில் கூரை ஒன்று, குடும்பம் ஒன்று என்ற கணக்கு எங்கே இருக்கிறது? கீழே தோல் பட்டறை, அதன்மேல் தையல் மிஷின்கள், இரும்பு ஏணி ஏறினால் ஒரு குடும்பம், பட்டறைக்குள் மூங்கில் தட்டி மறைத்த போட்மாளா என்ற பரணில் திருநெல்வேலியிலிருந்து வந்த நான்கு பையன்கள். மேலிருந்து பார்த்தால் இது ஒரே தகரம். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து இருப்பவருக்கு ஒரு விதி, மாடியில் இருப்பவருக்கு வேறு விதி என்று சர்க்கார் வைத்திருக்கும் ஊரில், லேசரால் அளக்க முடியாத அந்த ஏணிதான் வழக்கின் மையம். தாளும் ரேஷன் கார்டுமாகக் கதவைத் தட்டுகிற கணக்கெடுப்பு இல்லாமல் புள்ளிமேகத்தை வைத்து வீடு ஒதுக்கினால் அது அநியாயத்தில்தான் முடியும்.

தொலையுணர்வுக்காரர்கள் இதைத் தரைச் சரிபார்ப்பு என்பார்கள். படத்தில் வகைப்படுத்திய இடங்களில் சிலவற்றைத் தேர்ந்து, ஜி.பி.எஸ்.ஸோடு நேரில் போய், படம் சொன்னது சரியா என்று பார்க்கும் வேலை. பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி.யிலும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்திலும் மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பவற்றில் ஒன்று இது. அவசர அரசு அறிக்கைகளில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான் என்பது என் சந்தேகம். செயற்கைக்கோள் என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் முதல் பத்திரிகைகள் வரை எல்லோரும் வாயடைத்துப் போகிறோம். அதற்குத் தேவையில்லை.

ஏனென்றால் படம் இப்போது நம் கைக்கும் எட்டும். லேண்ட்சாட்டின் 1972 முதலான படங்கள் 2008 தொட்டு இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் கட்டத்தில் தரும் படங்களும் இலவசம். 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட கட்டமும் கொண்ட நம் கோள் படங்களுக்கும் காசு கிடையாது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. சென்டினல்-2 படத்தில் 8, 4, 3 ஆகிய பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகப் பொருத்தினால், பிஷாரடி காயங்குளத்தில் பார்த்த அதே போலி நிறம் உங்கள் திரையில் வந்துவிடும். டிராம்பே கரையானாலும் பள்ளிக்கரணையானாலும் உங்கள் ஊர்க் கண்மாயானாலும், பத்து வருஷ இடைவெளியில் ஒரே மாதத்துப் படங்கள் இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிந்த இடத்துக்கு நடந்துபோய்ப் பாருங்கள். மனு எழுதும்போது படம் எடுத்த தேதி, கோளின் பெயர், இடத்தின் அட்சரேகை-தீர்க்கரேகை ஆகிய மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். அந்த மூன்றும் இருந்தால், அதே படத்தை எதிர்த்தரப்பும் அதிகாரியும் தாங்களே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.